மணி பிளான்டுக்குக் கம்பாக நின்ற கதை

என் வாழ்க்கையிலேயே நானாக எடுத்த ஒரே பெரிய முடிவு அது. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை.

என் கட்சியைக் கேளுங்கள். வாரம் முழுக்க ஆபீஸ். ஞாயிறு ஒருநாள்தான் கனவு காண நேரம். மதுரை கோச்சடையில் எங்கள் மாடிவீட்டு ஹாலில், ஜன்னலோரம் சாய்ந்து கண்ணை மூடினால் எனக்கு வைகை வரும். நாம் பார்க்கிற வைகை இல்லை. இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடுகிற வைகை. நடுவில் பரிசல். பரிசலில் நான். எதிரே என் மனைவி முத்துமீனா. "நீங்க தூங்குங்க, ஒரு வேலையும் இல்ல" என்பாள். அது கனவுதான் என்பதற்கு வேறு சாட்சியே வேண்டாம்.

பரிசல் நாலு சுற்று சுற்றுவதற்குள் நிஜ மீனாவின் குரல் வந்துவிடும். "என்னங்க, கறிக்கடைக்குப் போறீகளா? கூட்டம் கூடிரும்."

என்னைக் காப்பாற்ற வந்தது மணி பிளான்ட்.

ஜன்னலோரத் தொட்டியில் மீனா வளர்க்கிற கொடி அது. அவளுக்கு அதன்மேல் உயிர். நேர் வெயில் பட்டால் இலை கருகும் என்று திரையை இழுத்துவிடுவாள். வேர் அழுகிவிடும் என்று மண்ணைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் தண்ணீர் ஊற்றுவாள். ஈரத்துணியால் இலை இலையாகத் துடைப்பாள். என் முகத்தை ஒருநாளும் அப்படித் துடைத்ததில்லை, எனக்கு வருத்தம்தான். கொழுந்து ஒடிந்தால் வீட்டுக்கு ஆகாது என்பது அவளுடைய அசையாத நம்பிக்கை. எனக்கு அது போதும்.

அந்த ஞாயிறு காலை, காபி குடித்த கையோடு நாற்காலியைக் கொடிக்கு அடியில் தள்ளிப் போட்டுச் சாய்ந்தேன். கொடியை மெல்ல இழுத்து, ஒரு கைப்பிடியிலிருந்து என் மடிக்கு மேலாக மறு கைப்பிடிக்குக் கொண்டுபோய் நூலால் கட்டினேன். கார் சீட்டில் பெல்ட் போட்ட மாதிரி இருந்தது.

"என்னங்க, கறிக்கடை..."

"நில்லு மீனா, பக்கத்துல வராத! கொடி ஏறுது."

"எங்க ஏறுது?"

"நாற்காலியில. கொழுந்து இப்பத்தான் சுருள் பிரியுது பாரு. நான் எந்திரிச்சா ஒடிஞ்சிரும்."

"ஐயையோ!"

"ஒடிஞ்சா வீட்டுக்கு ஆகாதுன்னு நீதான சொன்ன? எனக்கென்ன, வேணும்னா எந்திரிக்கிறேன்."

"வேணாம், வேணாம். அப்படியே கெடங்க."

பையை எடுத்துக்கொண்டு அவளே போனாள். என் தலைக்கு மேல் இலைகள் லேசாக ஆடின. பச்சை வெளிச்சம் கண்ணுக்குள் இறங்கியது. வைகை நுங்கும் நுரையுமாக வந்தது. பரிசல் சுற்றியது. இப்படி ஒரு சுகத்தை நான் அனுபவித்ததே இல்லை.

கதவு திறந்தது. மீனாவோடு கீழ்வீட்டுச் சோணையம்மாளும் வந்து நின்றார்.

"அண்ணனுக்கு என்னா, ஒடம்புக்கு முடியலையா?"

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. செடிக்குக் கம்பு ஊனல. இவுகளே கம்பா இருக்காக."

"அது சரி. எம்புட்டு நேரம் இப்படி இருப்பாக?"

"கொழுந்து விரியிற வரைக்கும். சாயங்காலம் ஆயிரும்ல, என்னங்க?"

"ஆமா, ஆமா" என்றேன். அவசரப்பட்டுவிட்டேன்.

மீனா குனிந்து நூல் முடிச்சைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் அவ்வளவு கோணலாக முடிச்சுப் போடுகிறவன் நான் ஒருவன்தான். அவள் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்தே அந்தச் சிரிப்புக்குப் பின்னால் எனக்கு ஒரு வேலை வந்துவிடும்.

"பாவம், காலைத்தான் அசைக்கக் கூடாது. கை ரெண்டும் சும்மாத்தான இருக்கு?"

மடியில் ஒரு முறம் வந்து உட்கார்ந்தது. முறம் நிறையச் சின்ன வெங்காயம்.

"மீனா, ஆபீசுக்கு ஒரு போன் பேசணும். எந்திரிக்கிறேன்."

"ஐயையோ, கொழுந்து ஒடிஞ்சிரும்ங்க! நீங்கதான சொன்னீக?"

சோணையம்மாள் யோசித்தார். "எங்க வீட்டுலயும் உரிக்காத பூண்டு கெடக்கு மீனா..."

"கொண்டாங்கக்கா. இப்படி அசையாம உக்காந்து உரிக்க ஆளு யாருக்குக் கெடைக்கும்?"

உரித்தேன். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. மீனா ஈரத்துணியோடு வந்து இலைகளைத் துடைத்தாள். பிறகு, போனால் போகிறதென்று, அதே துணியால் என் முகத்தையும் துடைத்துவிட்டாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் அப்படியே கண் அசந்துவிட்டேன். வைகை வந்தது. இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர். பரிசலும் வந்தது. பரிசல் நிறையச் சின்ன வெங்காயம். எதிரே மீனா.

"உரிச்சிட்டுத் தூங்குங்க" என்றாள்.