ஒரே சஹனில் சாப்பிட்டது சமாதானம் ஆகாது

மதிப்பிற்குரிய மச்சான் ஜனாப் காதர் பாட்சா அவர்களின் சமூகத்திற்கு, மைத்துனன் ஜெகபர் அலி எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீங்களும் என் உடன்பிறந்த லாத்தாவும் புதுமணத் தம்பதிகளும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். கோபத்தில் இருப்பவன் துஆச் செய்யக் கூடாது என்று எந்தக் கிதாபிலும் இல்லாததால்தான் செய்கிறேன். வேறு அர்த்தம் கொள்ள வேண்டாம்.

நிற்க. நேற்று மாலை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உங்கள் மகன் தௌஹீத் ஒரு புகைப்படம் போட்டிருக்கிறான். உங்கள் மகள் நௌஷினின் கல்யாண மண்டபத்தில் நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே சஹன் தட்டில் பிரியாணி சாப்பிடுகிறார்கள். ஒருவர் நீங்கள். இருவர் ஹைதராபாத் இளைஞர்கள். நான்காவது ஆள் வைக்கோல் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கிளிப்படம் போட்ட சட்டை, அரைக்கால் டிரவுசர் சகிதம் எலும்பு கடித்துக்கொண்டிருக்கிறார். படத்துக்குக் கீழே "மாமாவும் வாப்பாவும் ராசி" என்று எழுதியிருக்கிறான். இதுவரை அறுபத்து மூன்று பேர் மாஷா அல்லாஹ் சொல்லிவிட்டார்கள். பேச்சு வார்த்தை இல்லாத இருவர் ஒரே சஹனில் கை வைத்துவிட்டால் சண்டை தீர்ந்தது என்பது நம்மவர்கள் வழக்கம். அதற்கு மேல் ஜமாஅத்தும் கேட்காது, போலீஸும் கேட்காது. அந்த நான்காவது ஆள் நான்தான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் அங்கே உங்கள் மைத்துனனாக உட்காரவில்லை, சுற்றுலாப் பயணியாக உட்கார்ந்தேன். இந்த வேறுபாட்டை உங்களுக்கு விளக்கி, படத்தை நீக்கச் சொல்லி, என் கோபம் இன்னும் முழுசாக நடப்பில் இருக்கிறது என்பதைத் தெரியப்படுத்தவே இக்கடிதம்.

கோபத்தின் காரணம் உங்களுக்குத் தெரியும்; ஆனாலும் எழுத்தில் இருப்பது நல்லது. நௌஷின் கல்யாணப் பத்திரிகையில் "தங்கள் வரவை விரும்பும்" என்பதற்குக் கீழே பதினெட்டுப் பெயர்கள். முதல் பதினாறு பேருக்கும் பெயருக்குப் பின்னால் துபாய், குவைத், பினாங்கு என்று ஓர் ஊர் இருக்கிறது. பதினேழாவதாக "தௌஹீத் டிராவல்ஸ் ஊழியர்கள்". அதற்கும் கீழே, மடிப்பு விழுகிற இடத்தில், "ஜெகபர் அலி". எம்.ஏ., எம்.ஃபில். இல்லை. ஊரும் இல்லை. தருமபுரமும் ஓர் ஊர்தான் மச்சான். இருபத்தாறு வருஷம் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக் கொடுத்தவன், பெண்ணின் சொந்தத் தாய்மாமன், வண்டி கழுவுகிற பையன்களுக்கும் கீழே மடிப்பில் கிடக்கிறான். அன்றைக்கே நான் வரப்போவதில்லை என்று முடிவு செய்தேன். சும்மா வீட்டில் இருந்தால் உடம்பு சரியில்லை என்று நீங்களே கதை கட்டிவிடுவீர்கள் என்பதால், கல்யாணத் தேதியில் நாட்டிலேயே இருக்கக் கூடாது என்று சென்னையிலிருந்து திருகோணமலை போய்த் திரும்பும் உல்லாசக் கப்பலில் இடம் போட்டேன். என் பக்கத்து ஆட்கள் நாற்பது பேரையும் வரவேண்டாம் என்று சொன்னேன். என் வீட்டுக்காரி சஜிதா பெட்டி கட்டினாள். பெட்டியில் கல்யாணப் பட்டுப்புடவை இருந்தது. எதுக்கு என்று கேட்டேன். "கப்பல்ல சாப்பாட்டுக்கு நல்லதாத்தான் கட்டுவாங்களாம்" என்றாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கப்பல் புறப்பட்டு இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, பால்கனியில் நின்றுகொண்டு சஜிதா சொன்னாள்: "என்னங்க, அங்க தெரியிறது நம்ம ஊரு லைட் ஹவுஸ் மாதிரி இருக்கே." நான் அவளுக்கு விளக்கினேன், வெள்ளைக்காரன் இந்தியாவிலும் கட்டினான், இலங்கையிலும் கட்டினான், எல்லாக் கலங்கரை விளக்கமும் பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும் என்று கால் மணி நேரம் விளக்கினேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "செல்லுல டவர் வந்துருச்சு. லாத்தா மருதாணி போட்ட போட்டோ அனுப்பியிருக்கு" என்றாள். அதற்குப் பிறகுதான் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். திருகோணமலையில் காற்று சரியில்லையாம். ஆகவே பயணிகளை ஏமாற்றாமல் இருக்க, தொன்மை வாய்ந்த காரைக்கால் கரையோரம் கப்பலை நிறுத்தி, படகுகளில் ஊருக்குள் அழைத்துப் போவார்களாம். மச்சான், உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வரக் கூடாது என்பதற்காக விடுமுறை எழுதிக் கொடுத்துக் கடலுக்குள் போன மனிதனை, கடலே கொண்டுவந்து உங்கள் தெரு முனையில் போடுகிறது.

சுற்றுலா மேசையில் இருந்த பெண்ணிடம் வரிசையில் நின்றோம். மூன்று உலாக்கள் இருந்தன. ஒன்று, கோயில்கள். இரண்டு, கருக்களாச்சேரி மீனவர் கிராமம். மூன்றாவதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. உள்ளூர் முஸ்லிம் குடும்பத்துக் கல்யாணத்தில் மதிய விருந்து. "லோக்கல் டிராவல்ஸ்காரங்க காலையிலதான் சொன்னாங்க சார். நாப்பது பேர் சாப்பாடு மிச்சமாம். யாரோ ஒரு அங்கிள் கோச்சுக்கிட்டு அவர் சைடு ஆளுங்க யாரையும் வரவிடலையாம். நமக்கு லக்" என்று சொல்லிவிட்டு, பத்திரிகையைச் செல்போனில் என்னிடமே காட்டினாள். படத்திலும் என் பெயர் மடிப்பில்தான் இருந்தது. நான் பேச வாய் எடுப்பதற்குள் சஜிதா முன்னால் போய், "எனக்கு அந்த மூணாவது டூர்ல ஒரு சீட்டு போடும்மா" என்றாள். கல்யாணத்துக்குப் போகக் கூடாது என்று பேசி வைத்ததை நினைவுபடுத்தினேன். "கல்யாணத்துக்கு யாரு போறா? நான் டூருக்குப் போறேன்" என்று பட்டுப்புடவை எடுக்க அறைக்குப் போய்விட்டாள்.

நீ கப்பலிலேயே இருந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்திருக்கலாம்தான். ஆனால் கப்பலில் மிஞ்சியவர்களுக்கெல்லாம் பதினோரு மணிக்கு நடன வகுப்பு என்று என் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். ஆகவே நான் நாலாவது வழியைத் தேர்ந்தெடுத்தேன். யாருடைய உலாவிலும் சேராமல் சொந்தப் பொறுப்பில் தனியாகக் கரையிறங்குவது. கப்பல் கடையில் தொப்பியும் கிளிச்சட்டையும் டிரவுசரும் வாங்கினேன். ஐம்பத்து நாலு வயதில் என் முழங்காலைக் காரைக்கால் பார்த்தது அதுதான் முதல் தடவை. முகத்துக்கு மாஸ்க்கும் போட்டுக்கொண்டு அரசலாற்று முகத்துவாரத்தில் இறங்கினால், வரிசையில் முதலில் நின்ற ஆட்டோ கருக்களாச்சேரி மணிவேலுடையது. உங்கள் மண்டபத்துக்கு மீன் இறக்குகிற அதே மணிவேல்.

"சாருக்கு எந்த ஊரு?" என்றான். பெங்களூர் என்றேன். "தமிழ் நல்லா பேசுறீங்களே." "அம்மா தமிழ்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஊரை விட்டுத் தள்ளி எங்கேயாவது போ என்றேன். "அப்ப வரிச்சிக்குடி போவோம் சார், பச்சைப் பசேல்னு இருக்கும்" என்று வண்டியை விட்டான். நேராகக் கொண்டுபோய் ஒரு வயலின் ஓரத்தில் நிறுத்தினான். அது என் வயல். சுற்றிலும் பச்சை, என்னுடையது மட்டும் களை. "ஏம்ப்பா இது இப்படிக் கிடக்கு?" என்று கேட்டேன், பெங்களூர்க்காரனாகத்தான் கேட்டேன். "இது ஒரு வாத்தியார் வயல் சார். நடவு நடக்கிறப்ப வரப்புல நாற்காலி போட்டு உக்காந்து பிரெஞ்சுக்காரன் கதை சொல்லுவாரு. சொன்னதோட விட்டாலும் பரவால்ல, சாயங்காலம் கேள்வி கேப்பாரு. கூலிக்கு வேலை செய்யலாம், பரீட்சை எழுத முடியுமான்னு பொம்பளைங்க யாரும் வர்றதில்ல." அயலூர்க்காரன் என்ன சொல்ல முடியும்?

அங்கிருந்து தருமபுரம் வழியாகத் திரும்பும்போது ஒரு வீட்டு வாசலில் மறுபடியும் நிறுத்தினான். வாசல் விளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. சஜிதா அணைக்காமல் வந்திருக்கிறாள். "இதான் சார் அந்த வாத்தியார் வீடு. பத்திரிகையில பேரு கீழ போயிருச்சுன்னு கப்பலேறி நாட்ட விட்டே போயிட்டாரு. டூரிஸ்ட்டுங்க வந்தா இதையும் காட்டச் சொல்லியிருக்காரு தௌஹீத் பாய். நில்லுங்க, ஒரு போட்டோ எடுக்கிறேன்." மறுத்தால் சந்தேகம் வரும். ஆகவே என் வீட்டு வாசலில், என் விளக்கு எரிய, இரண்டு விரல் காட்டிக்கொண்டு நான் படம் எடுத்துக்கொண்டேன். திரும்ப ஏறும்போது, "தொப்பிய நல்லா அழுத்திக்கிங்க சார், இங்க காத்து அதிகம்" என்றான். அந்த நேரத்தில் இலைகூட அசையவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

மணி ஒன்று ஆகிவிட்டது. பசி. ஒரு ஓட்டலில் விடு என்றேன். "இன்னைக்கு எல்லா நல்ல சமையல் பண்டாரியும் கல்யாணத்துல இருக்காங்க சார். கப்பல்காரங்க எல்லாருக்கும் அங்கதான் சாப்பாடு" என்றான். அடுத்த தெருவிலேயே இரண்டு ஓட்டல்கள் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் பெங்களூர்க்காரனுக்குத் தெரியாதே. தெரியாது என்று ஆரம்பித்துவிட்ட பிறகு எப்படித் தெரியும் என்று சொல்வது? வாசலில் தௌஹீத் பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, "வாங்க சார், நம்ம வீடு மாதிரி நினைச்சுக்குங்க" என்று என் கையைக் கொஞ்சம் அதிக நேரமே பிடித்துக்கொண்டிருந்தான். என் மனைவி சுற்றுலாப் பயணியாகப் பெண்கள் பக்கம் போய் நௌஷினுக்குத் தலைப்பூ சரிசெய்துகொண்டிருந்ததாகக் கேள்வி.

சஹனுக்கு நான்கு பேர் வேண்டும். நானும் கப்பலில் வந்த ஹைதராபாத் பையன்கள் இருவரும் உட்கார்ந்தோம். ஓர் இடம் காலி. ஒருத்தன் ஸ்பூன் கேட்டான், இன்னொருத்தன் சோற்றின் நடுவில் குழி தோண்டினான். எனக்குப் பொறுக்கவில்லை. உன் முன்னால் இருப்பதை மட்டும் நீ சாப்பிடு, அடுத்தவன் பக்கம் கை நீட்டாதே, எல்லோரும் முடிக்கும் வரை எழுந்திருக்காதே என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மச்சான், நீங்கள் வந்து கைலியைச் சுருட்டிக்கொண்டு அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தீர்கள். விருந்தாளிகள் சஹனில் இடம் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக உட்கார்ந்தீர்கள் என்று நான் நினைத்தேன். இன்னும் அப்படித்தான் நினைக்க விரும்புகிறேன். சாப்பிட மாஸ்க்கைக் கழற்ற வேண்டியிருந்தது. நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்செலும்பை எடுத்து என் பக்கம் நகர்த்திவிட்டு, அந்தப் பையன்களிடம் பேச்சுக் கொடுத்தீர்கள். "எங்க மச்சான் ஒருத்தர் இருக்காரு தம்பி. இருந்தா இந்த இடத்துலதான் உக்காந்திருப்பாரு. பெரிய படிப்பாளி. எலும்புன்னா உயிரு."

நான் பெங்களூர்க் குரலில் கேட்டேன்: "அவ்வளவு பெரிய படிப்பாளின்னா பத்திரிகையில அவர் பேரை எங்க போட்டீங்க?"

நீங்கள் தாளிச்சாவை ஊற்றிக்கொண்டே சொன்னீர்கள்: "கடைசில போட்டோம் சார். பதினெட்டுப் பேருக்கு இடம் பத்தலை. மத்தவனெல்லாம் மேல போடலன்னா சண்டைக்கு வந்துருவான். நம்ம ஆளு ஒருத்தரையாவது உரிமையா கீழ போடலாமேன்னு லாத்தாதான் சொன்னா. தப்பாப் போச்சு."

இந்த இடத்தில் எனக்குப் புரை ஏறியது. தாளிச்சாவில் காரம் அதிகம். நீங்கள் என் முதுகைத் தட்டினீர்கள், தண்ணீர் கொடுத்தீர்கள். இதையெல்லாம் ஒரு சுற்றுலாப் பயணிக்குச் செய்த உபசாரமாகவே நான் பதிவு செய்துகொண்டிருக்கிறேன். ஆகவே, ஒரே சஹனில் கை வைத்தது உண்மை. வைத்தது ஜெகபர் அலி அல்ல. சமாதானம் செல்லாது. உங்கள் வீட்டு வாசலை இனி மிதிப்பதாக இல்லை. தௌஹீதிடம் சொல்லிப் படத்தை நீக்கவும், அந்த அறுபத்து மூன்று பேருக்கும் தனித்தனியாகத் தெரிவிக்கவும்.

லாத்தாவுக்கு என் சலாம். நௌஷினுக்கும் மாப்பிள்ளைக்கும் நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் அல்லாஹ் கொடுப்பானாக. உங்கள் இரத்தக் கொதிப்பு மாத்திரையை வேளைக்குப் போடவும்.

இப்படிக்கு,
என்றும் கோபத்திலுள்ள,
ஜெகபர் அலி, எம்.ஏ., எம்.ஃபில். (தருமபுரம்)

பின்குறிப்பு: மூன்று மணிப் படகுக்கு, உலாவில் வந்தவர்களைக் கொடி பிடித்து எண்ணி ஏற்றினார்கள், ஒருத்தி குறைந்ததற்காகச் சஜிதாவைத் தேடிப் பெண்கள் பக்கம் ஆள் அனுப்பிக் கூட்டிப் போனார்கள். தனியாக இறங்கியவனை எண்ணுவதில்லையாம். ஹைதராபாத் பையன்கள் பாதிச் சோற்றில் எழுந்து ஓடிவிட்டதால், சஹனை மீதம் வைக்கக் கூடாது என்று நீங்களும் நானும் மட்டும் உட்கார்ந்து முடித்ததில் எனக்கு நேரம் போனது தெரியவில்லை. வீட்டுச் சாவி சஜிதாவோடு கப்பலில் போகிறது. அவள் நீச்சல் குளத்தருகே பழரசம் குடிக்கும் படத்தை அனுப்பியிருக்கிறாள். ஆகவே நேற்று சாயங்காலத்திலிருந்து உங்கள் வீட்டு மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நான் கோபமாக இருப்பது உங்களுக்கே தெரியும். இந்தக் கடிதத்தை, காலைப் பசியாறல் கொண்டுவரும் லாத்தாவிடம் கீழே கொடுத்தனுப்புகிறேன். இன்று மதியம் மாப்பிள்ளை வீட்டில் வலீமா விருந்தாமே. கிளிச்சட்டையில் வர முடியாது. உங்கள் வெள்ளைச் சட்டை ஒன்றை லாத்தாவிடம் கொடுத்துவிடவும். இஸ்திரி போட்டிருந்தால் நல்லது. அங்கே யாராவது என்னை யாரென்று கேட்டால் பெண்ணின் மாமா என்று மட்டும் சொல்லுங்கள். எம்.ஃபில். எல்லாம் வேண்டாம்.