எச்சில் தொட்ட செம்பருத்தி

காஞ்சிபுரத்தில் பூ விஷயத்தில் சாமிக்கே போட்டியாக நின்ற மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் தெரு கண்டக்டர். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அது ரேஷன் கார்டுக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். எங்களுக்கு அவர் கண்டக்டர். மாகறல் பக்கம் போகிற டவுன் பஸ்ஸில் தோல்பையை மாட்டிக்கொண்டு காலம் தள்ளியவர், ஓய்வு பெற்ற அன்று பையைத் திருப்பிக் கொடுத்தார். விசிலைக் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "பை கவர்மெண்டுது தம்பி. விசிலு என் வாயிலயே இருந்தது, அது என்னுது" என்பார்.

அவர் வீட்டை ஒட்டிய வீடு என்னுடையது. பட்டுப்புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது என் பிழைப்பு. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படித்தவர்களுக்கு எதற்கெல்லாம் பயப்பட வேண்டாம் என்று தெரிந்திருக்கிறது. எனக்கு அந்தப் பாடம் நடத்துவதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன். அதனால் கேஸ் சிலிண்டர், தெருநாய், வாட்ஸப்பில் வரும் எச்சரிக்கை என்று எல்லாவற்றுக்கும் சமமாகப் பயப்படுகிறவன். அப்படிப்பட்டவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரராக, தினமும் காலையில் பூவைப் பறித்து வாயில் போட்டுக்கொள்கிற மனிதரைக் கொடுத்தால் எப்படி இருக்கும்?

காம்பவுண்டுச் சுவரை ஒட்டி உள்பக்கம் வரிசையாகச் செம்பருத்தி வைத்திருந்தார். ஒற்றை அடுக்குச் சிவப்பு. அடுக்குச் செம்பருத்தியை அவர் செடியாகவே மதிக்க மாட்டார். "அது ஃபேன்ஸி டிரஸ்ஸுபா, மெல்ல முடியாது" என்பார். இலைக்கு அடியில் மாவுப்பூச்சி வந்துவிட்டால், வேப்பெண்ணெய்த் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு கிளை கிளையாகக் குனிந்து, "டிக்கெட்டு எடுத்தியா? நீ எடுத்தியா? அப்போ எறங்கு" என்று ஒவ்வொன்றாக இறக்கி விடுவார். பூச்சி இறங்கியதோ இல்லையோ, கேட்டுக்கொண்டிருக்கும் நான் டிக்கெட் எடுக்காதவன் மாதிரி சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பேன்.

பூவின் நடுக்காம்பையும் பச்சைப் பாகத்தையும் கிள்ளி எறிந்துவிட்டு, இதழை மட்டும் தோசைமாவில் பிசைவார்கள். பிசைவது அவர் மனைவி சரசு அண்ணி. தோசை ஒரு மாதிரி நீர்த்துப்போன கத்திரிக்காய் நிறத்தில் வரும். முதல்முறை சுவருக்கு மேலே தட்டை நீட்டியபோது நான் கேட்டேன்.

"அண்ணி, இதைத் தின்னா ஒண்ணும் ஆகாதா?"

"ஆகும்பா. இன்னும் ரெண்டு கேப்பே."

அண்ணி சொன்னது சரி. கொழகொழப்பாக, லேசான புளிப்போடு, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அன்று முழுக்க நாக்கை நீட்டி நீட்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்ததில் ருசி மறந்துவிட்டது. இப்போது நினைத்தால் அதுதான் வருத்தம். ஒரு நல்ல தோசையைப் பயத்துக்குத் தொட்டுக்கொண்டு தின்றிருக்கிறேன்.

வெயில் காலத்தில் சர்பத். இதழ்மேல் வெந்நீர் ஊற்றினால் தண்ணீர் ஊதாவாகும். அதில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் சட்டென்று சிவந்துவிடும். இந்த வித்தையைக் காட்டுவதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் என் வேலை அறை. என் மடியில் கல்யாணத்துக்குப் போக வேண்டிய சந்தன நிறப் புடவை. வாசலில் கையில் சிவப்பு டம்ளரோடு கண்டக்டர்.

"பாரு தம்பி கலரு! எந்தச் சாயப்பட்டறையில வரும் இது?"

"அண்ணே, அங்கயே நில்லுங்க!"

"குடிச்சிப் பாருபா."

"அண்ணே, உள்ள வராதீங்க, கால்ல வேணா விழறேன்!"

அவர் ஒரு அடி வைக்க, நான் புடவையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஸ்டூலில் ஏறி நின்றேன். அவர் நின்ற இடத்திலேயே டம்ளரைக் குடித்து முடித்துவிட்டு, "டெர்மினஸ்" என்று சொல்லிப் போய்விட்டார்.

இந்த ஊரில் செம்பருத்தி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு கஷ்டம் உண்டு. செடி நம்முடையது, பூ நம்முடையதல்ல. விடிந்தும் விடியாமலும் கையில் கவரோடு ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். சுவருக்கு வெளியே எட்டிப் பார்க்கும் பூவெல்லாம் சாமிக்கு என்பது அவர்கள் சட்டம். கேட்டால், "அம்பாளுக்குத்தானே எடுக்கறோம்?" என்று நம்மைக் குற்றவாளி ஆக்கிவிடுவார்கள்.

எங்கள் தெருவில் அந்தப் படையின் தளபதி கொக்கியம்மா. மூன்றாவது வீடு. பிள்ளைகள் வேலைக்குப் போய்விட, தனியாக இருந்தவள். மூங்கில் கழியின் நுனியில் கம்பியை வளைத்துக் கட்டி வைத்திருப்பாள். அதற்குச் சுவர், வேலி, மாடி என்ற பேதமே கிடையாது.

கண்டக்டர் விசிலை எடுத்தது அவளுக்காகத்தான். கொக்கி சுவருக்கு மேலே தலைகாட்டியதும் ஒரு விசில். பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு என்றால் கிளம்பலாம். அவள் நிற்பாள். பிறகு சண்டை.

"அம்பாளுக்குப் போற பூவை வயித்துல போட்டுக்கினு இருக்குறியே, உருப்படுவியா நீ?"

"அம்பாளுக்கு ஊரெல்லாம் செடி இருக்குதும்மா. எனக்கு இந்த ஒரு வயிறுதான் இருக்குது."

"நாக்கு அழுகிடும், சொல்லிட்டேன்!"

"அழுகறதுக்குள்ள நாளைக்குத் தோசைக்கு வேணும், போலாம்!"

இரண்டு விசில். கொக்கி கிளம்பிவிடும்.

ஆனால் கண்டக்டர் தூங்கிப்போகிற நாட்களும் உண்டு. அன்று செடி மொட்டையாக நிற்கும். அதற்கு அவர் கண்டுபிடித்த மருந்துதான் அவரை ஊர்ப்பேச்சாக்கியது. டிக்கெட் கிழிப்பதற்காகக் காலமெல்லாம் கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பழகியவர். ஒரு நாள் அதே மாதிரி விரலை நாக்கில் தொட்டு, பூத்திருந்த ஒவ்வொரு பூவின் மேலும் வைத்துக்கொண்டே போனார். பிறகு தெருவுக்குக் கேட்கிற மாதிரி அறிவித்தார். "எல்லாப் பூவும் எச்சிலு! வேணும்கறவங்க எடுத்துக்கினு போலாம்!"

முகர்ந்து பார்த்த பூவையே சாமிக்கு வைக்காத ஊர் இது. கொக்கியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பாவி, எதுடா தொட்டது, எதுடா தொடாதது?"

"அது எனக்கும் தெரியாதும்மா."

அதிலிருந்து தினமும் அதுதான் அவர் வேலை. எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் விரலை நக்கிக்கொண்டு செடி செடியாகப் போவார். எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததும், ஊசியில் நூல் கோர்க்க நுனியை உதட்டில் வைத்திருக்கும் என்னைப் பார்த்து, "நீயும் எச்சிப் பொழப்புதான்பா" என்று ஒரு சிரிப்பு. கொக்கியம்மாவும் விடாமல் வந்து, எடுக்க முடியாத பூக்களைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போவாள். எடுக்க முடியாது என்று தெரிந்த பிறகும் ஏன் கழியைத் தூக்கிக்கொண்டு வருகிறாள் என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

சரசு அண்ணிக்கு நெஞ்சுவலி வந்தது. இதயத்துக்கு நல்லது என்று ஊருக்கெல்லாம் பூவை நீட்டிய வீட்டிலேயே அது வந்தது. சென்னையில் ஆபரேஷன் என்று முடிவாகி, கார் வரச் சொல்லியாகிவிட்டது. கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் அண்ணி கேட்டது ஒன்றே ஒன்று. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"இன்னாங்க, போற வழியில காமாட்சிக்கு ஒரு பூ வச்சிட்டுப் போலாம். கடைப்பூ வேணாம். நம்ம செடியில பூத்தது. உங்க எச்சி படாதது."

"ஒண்ணு இன்னா, ஒரு கூடையே தரேன்" என்றார் கண்டக்டர்.

விடிந்தது. இரவெல்லாம் தூங்காத மனிதர், கண் எரிச்சலோடு எழுந்து தோட்டத்துக்குப் போனார். கால் போன வழியில் கையும் போயிற்று. விரல் நாக்குக்குப் போயிற்று. முதல் செடி, அடுத்த செடி, அதற்கடுத்தது. கடைசிப் பூவின் மேல் விரல் பட்டபோதுதான் அவருக்கு நினைவு வந்தது. "ஐயோ" என்று அவர் போட்ட சத்தத்தில், அண்ணிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நான் செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

எல்லாப் பூவும் நன்றாகப் பூத்து நின்றன. அவர் நடுவில் நின்று கட்டைவிரலை வேறு யாருடையதோ மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழுவிட்டா போவாதா அண்ணே?"

"எச்சி கழுவினா போயிடுமா தம்பி? அவ கேட்டதே அது ஒண்ணுதானே."

ஒரு மொட்டைப் பிரித்துப் பார்த்தார். கசங்கிவிட்டது. இன்னொன்று. அதுவும். நாளைக்கு மலர வேண்டியது இன்றைக்கு மலருமா? வாசலில் கார் வந்து ஹாரன் அடித்தது. சுவருக்கு மேலே கொக்கி தெரிந்தது. விசில் வரவில்லை. கொக்கி அப்படியே நின்றது. பிறகு கொக்கியம்மாவின் முகம் எட்டிப் பார்த்தது. எங்கள் இருவரையும் பார்த்தது. பிரித்துப்போட்ட மொட்டுகளைப் பார்த்தது. சட்டென்று இறங்கிவிட்டது.

அண்ணியைக் காரில் ஏற்றும்போது கொக்கியம்மா ஒரு சில்வர் தட்டோடு வந்தாள். தட்டு நிறையச் சிவப்பு. ஒற்றை அடுக்கு.

"உங்க செடிதான் சரசு. எப்பவோ ரெண்டு கிளை ஒடிச்சிக்கினு போயி மொட்டை மாடியில தொட்டியில வச்சேன். இந்த ஆளு எச்சி இது மேல இல்லை."

அப்படியானால் வீட்டு மாடியிலேயே பூவை வைத்துக்கொண்டுதான் அவள் தினமும் சண்டைக்கு வந்திருக்கிறாள். இது எனக்குப் புரிந்தபோது கண்டக்டருக்கும் புரிந்திருக்க வேண்டும். கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அண்ணிதான் சிரித்தாள். "திருட்டுப் பூவா அக்கா?" என்று கேட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

அண்ணி நல்லபடியாகத் திரும்பி வந்தாள். கெட்டுப்போனது அதற்குப் பிறகுதான். நன்றி வந்து உட்கார்ந்துகொண்டது. கண்டக்டர் விரலை நாக்கில் வைப்பதை நிறுத்திவிட்டார். "எடுத்துக்கோம்மா, எல்லாம் உன்னுதுதான்" என்றார். "இருக்கட்டும்ங்க, பரவாயில்லை" என்றாள் கொக்கியம்மா. ஒருவரை ஒருவர் 'ங்க' போட்டுப் பேசிக்கொண்டதைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. எடு என்று சொன்ன பூவை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. கொடுத்துவிட்ட பூவைத் தின்ன அவருக்கு மனம் வரவில்லை. பூக்கள் சாயங்காலம் சுருண்டு தரையில் விழ, எறும்பு மொய்த்தது. இரண்டு பேருக்கும் நடுவில் யாராவது ஒரு நல்ல சண்டையை மூட்டிவிட்டிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.

அப்புறம் மகள் வந்து ஓசூருக்குக் கூப்பிட்டாள். வீடு கைமாறியது. சாமான் வண்டி முன்னால் போக, காரில் ஏறும்போது கண்டக்டர் கொக்கியம்மாவின் கையில் விசிலைக் கொடுத்தார். "அங்க ஃபிளாட்டும்மா. ஊதினா கம்ப்ளெயிண்டு பண்ணுவாங்க. நீயே ரைட் குடு."

அவள் ஊதினாள். ஒரு விசில். கார் டிரைவருக்கு என்ன தெரியும், அவன் பாட்டுக்குக் கிளப்பினான். கண்டக்டர் ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னொண்ணு ஊதும்மா! ஒண்ணு ஊதினா வண்டி நிக்கும்!" என்று கத்திக்கொண்டே போனார். அவள் விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

அவர் சுவர் இருந்த இடத்தில் இப்போது புடவைக் கடைக்கு வருகிறவர்களின் கார்கள் நிற்கின்றன. கொக்கியம்மா தன் தொட்டிகளை மாடியிலிருந்து வாசலுக்கு இறக்கி வைத்திருக்கிறாள். தோசை நினைப்பு வரும் காலைகளில் நான் பயந்து பயந்து போய் ஒரு பூவைத் தொடுவேன். உள்ளேயிருந்து உடனே ஒரு விசில் வரும். நான் நிற்பேன். திட்டுவாள். கேட்டுக்கொள்வேன். கடைசியில் பூவையும் கொடுத்துவிடுவாள்.

அந்த இரண்டாவது விசிலை மட்டும் அவள் இன்னும் ஊதவில்லை.