உண்டியலில் விழுந்த சாவி

பாகூர் கொம்யூன் வட்டாரத்தில் சிப்பு அண்ணனைப் போல யாரையும் நம்பாத மனிதர் பிறந்ததில்லை, இனிப் பிறக்கப்போவதும் இல்லை. அவருடைய கம்ப்யூட்டர் சென்டரில் மவுஸுக்குக்கூடச் சங்கிலி உண்டு.

உலகத்துக் கம்பெனிகள் கூடிப் பேசி, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே மாதிரிப் பாதுகாப்புச் சிப்பு என்று முடிவு செய்த செய்தி அவரைப் பிடித்து ஆட்டியது. சிப்பு என்ற பெயரும் அதனால் வந்ததுதான். நம் பக்கத்துக்கும் ஒரே விதி வேண்டும் என்று, போட்டிக் கடைக்காரரான வில்லியனூர்க்காரரை டீக்கடைக்கு வரவழைத்தார். நானும் கூட இருந்தேன்.

“அடிச்சிக்கினு கெடந்த கம்பெனிக்காரனே ஒண்ணா குந்திப் பேசிட்டான். நாம பேச முடியாதா?”

“எங்கடைக்கு ஷட்டர் இருக்குது, அதுக்குப் பூட்டு இருக்குது. இன்னும் இன்னாபா?” என்றார் வில்லியனூர்க்காரர்.

“பாஸ்வேர்டு இன்னா வெச்சிருக்க?”

“ஒண்ணு ரெண்டு மூணு நாலு.”

அண்ணன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். இனி அந்தக் கடை வாசலை மிதிப்பதில்லை என்று அங்கேயே சபதம்.

அந்தச் சிப்பு வைத்த அவருடைய கம்ப்யூட்டருக்கு ஒரு குணம். உள்ளே எதையாவது மாற்றினால், திருடன் கைவைத்துவிட்டான் என்று பூட்டிக்கொள்ளும். திறக்க நீளமாக ஒரு நம்பர் வேண்டும். அதை ஒரு பென்டிரைவில் ஏற்றி, பத்திரமான இடம் தேடி அலைந்து, கடைசியில் திரௌபதி அம்மன் கோவில் உண்டியலில் போட்டுவிட்டார்.

“மூணு பேரு சாவியோட வந்தாத்தான் தெறக்கும். இதவுட ஒசந்த ஹார்டுவேர் எங்க இருக்குது?” என்று என்னிடம் பெருமை வேறு.

என் மகள் நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். சான்றிதழ்களோடு நாங்கள் போய் நின்றால், மிஷின் பூட்டிக் கிடக்கிறது. முதல் நாள்தான் அண்ணன் அதற்குள் இருந்த போர்டை மாற்றியிருந்தார். கோவிலுக்கு ஓடினோம்.

“உண்டியல்ல வுழுந்தது அம்மனோடது. திருப்பிக் குடுக்குற வழக்கம் இல்ல” என்றார் தர்மகர்த்தா.

“உள்ள இருக்குறது வெறும் நம்பருங்க” என்றார் அண்ணன்.

“நம்பரும் அம்மனோடதுதான்.”

என் மகள் அழ ஆரம்பித்தாள். அண்ணன் அவளைப் பார்த்தார். எங்கள் இருவரையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நேரே வில்லியனூருக்கு விட்டார்.

“வாபா, விதியெல்லாம் எந்த மட்டுல இருக்குது?” என்று கேட்டுக்கொண்டே வில்லியனூர்க்காரர், ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லிச் சொல்லித் தட்டினார். அண்ணனுக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. விண்ணப்பம் போய்ச் சேரும்வரை வாயே திறக்கவில்லை.

மகள் இன்று நர்ஸ். அந்த ஆண்டுத் திருவிழா முடிந்து உண்டியலைத் திறந்தபோது பென்டிரைவை ஏலம் விட்டார்கள். தன் சாவியைத் தானே ஏலத்தில் எடுத்த மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

ஆனால் எனக்கு மறக்காதது, அன்று வில்லியனூரிலிருந்து திரும்பும் வழியில் அவர் முணுமுணுத்ததுதான்: “பாப்பாவுக்காவ அந்த பாஸ்வேர்ட பொறுத்துக்கினேன்.”

அந்த ஒரு சொல்லுக்காகவே எனக்கு அவர்மேல் உயிர்.