அடுத்தவர் மாட்டின் ஆலோசகர்

மாடு வளர்ப்பவர்கள் ஒரு வகை. வளர்க்காமலே மாட்டைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள் இன்னொரு வகை. நாம் பார்க்கப்போவது இரண்டாவது வகை. அதிலும் தீவனப் பிரிவு.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். உங்கள் வீட்டுக்கு வந்தால் உங்களைச் சௌக்கியம் விசாரிக்க மாட்டார். நேரே கொட்டகைக்குப் போவார், தீவனத் தொட்டிக்குள் தலையை விடுவார், தவிட்டைக் கிள்ளி முகர்வார், புண்ணாக்கைக் கடித்துக்கூடப் பார்ப்பார், பிறகு சட்டைக்கு அளவெடுக்கிறவர்போல மாட்டைச் சுற்றிவந்து உச்சுக் கொட்டுவார். "சத்து பத்தல." எந்த மாட்டுக்குத்தான் அவர் கணக்கில் சத்து பத்தியிருக்கிறது?

படிப்பு? ஒரே ஒரு நாள் பயிற்சி முகாம். காலையில் 'மரத்தழை கொடுங்கள்' என்றார்கள். 'அளவோடு கொடுங்கள்' என்று மதியம் சொன்னபோது நம்மவர் உண்ட மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்.

இந்த வகையில் எனக்குத் தெரிந்த ஒருவரின் அக்காவிடம் ஒரே ஒரு பசு. அதன் பாலை டீக்கடைக்கு ஊற்றித்தான் வீட்டில் அடுப்பெரிகிறது. பகலெல்லாம் மேய்ந்துவிட்டு வந்து சுமாராகக் கறந்துகொண்டிருந்தது.

"வெறும் புல்லுல என்னக்கா இருக்கு? வேலியில சவுண்டல் மரம் சும்மாதானே நிக்குது. ஒடிச்சுப் போடு, பால் கொட்டும்."

அக்கா ஒடித்துப் போட்டார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: மேய்ச்சலோடு ஒரு கட்டுத் தழையும் சேர்ந்ததும் பால் கூடத்தான் செய்தது. வினையே அங்கேதான். பலித்துவிட்ட யோசனையைவிட ஆபத்தானது வேறு உண்டா? நம்மவருக்குத் தலைகால் புரியவில்லை. மேய்ச்சலை நிறுத்தச் சொன்னார். காலையில் சவுண்டல், மாலையில் சவுண்டல், இடையில் மாடு அசைபோட்டுக் களைத்துப்போனால் தெம்புக்குக் கொஞ்சம் சவுண்டல்.

சில வாரங்களில் மாடு எச்சில் ஒழுக நின்றது. பால் இறங்கியது. வால் குஞ்சம் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது.

"பழைய முடி போனாத்தானேக்கா புது முடி வரும்?"

அக்கா கால்நடை டாக்டரை அழைத்துவந்தார். டாக்டர் வாலைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், கடைசியாக நம்மவரைப் பார்த்தார்.

"இது நல்ல தீவனந்தாங்க. ஆனா மொத்தத் தீனியில மூணுல ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இப்போதைக்கு இதை நிறுத்திட்டு மேய விடுங்க, தேறிடும்."

"பாத்தியாக்கா, நல்ல தீவனம்னு டாக்டரே சொல்லிட்டாரு!"

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீக்கடைக்காரர் வேறிடத்தில் பால் வாங்கத் தொடங்கிவிட்டார். பசுவோ ஈ விரட்ட வாலில் ஒரு முடிகூட இல்லாமல் காலை உதைத்துக்கொண்டு நின்றது. பார்க்கவே பாவமாக இருந்தது. அக்கா தம்பியின் தோளில் கிடந்த துண்டை உருவி அவர் கையிலேயே திணித்தார்.

"முடி முளைக்கிற வரைக்கும் நீதாண்டா அதுக்கு வாலு. விசிறு!"

விசிறுகிறார். விசிறிக்கொண்டே, ஈயை விரட்ட எந்தத் தழையைப் புகை போடலாம் என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு விளக்குகிறார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. ஆனால் நடுவிலே எங்கோ, 'தழையை வாட்டிப் போட்டிருக்கணும்', 'தாது உப்பு ஒரு பிடி கலந்திருந்தா இப்படி ஆகியிருக்காது' என்று உங்கள் வாய் முணுமுணுத்ததே, எனக்குக் கேட்டது. உங்களிடம் மாடு இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. தயவுசெய்து எங்கள் கொட்டகைப் பக்கம் மட்டும் வராதீர்கள். எங்கள் மாட்டுக்கு வால் நன்றாகவே இருக்கிறது.