குடை அண்ணாச்சியின் வெள்ளிக்கிழமைக் கூட்டம்

மழையே பெய்யாத ஊரில் குடையில்லாமல் ஓரடிகூட எடுத்து வைக்காத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் குடை அண்ணாச்சி. எழுபதுகளில் தூத்துக்குடி உப்பளங்களுக்கு மேற்கே செம்மறி மேய்த்த எங்கள் ஏழு பேரில் அவர்தான் மூத்தவர். துறைமுகத்தில் எந்தக் கப்பல்காரனோ விட்டுப்போன கறுப்புக் குடை அது. அதன் வளைந்த பிடியால் முள் உடைமரத்துக் காயை ஆட்டுக்கு இழுத்துப் போடுவார்; ஓடுகிற ஆட்டின் காலை மடக்குவார். விரிக்க மட்டும் மாட்டார்.

“வெயிலுக்காவது விரிங்களேன் அண்ணாச்சி.”

“வெயிலுக்கு விரிச்சுட்டா மழைக்கு என்னலே மிச்சம் இருக்கும்?”

வெள்ளிக்கிழமை மத்தியானம் உடைமரத்தடியில் கூட்டம் போடுவார். அந்த வாரம் செய்த தப்பை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அவரே தொடங்குவார். “ஆட்டுப் புண்ணுக்கு வச்ச வேப்பெண்ணெயை எந் தலையில தேச்சுட்டேன். ரெண்டு நாளா எம் பொண்டாட்டி சோத்தை வாசல்லயே வைக்கா.”

சிரிப்போம். ஆனால், வாடின சோளக் குருத்தை மேயவிட்டு இரண்டு ஆட்டைப் பறிகொடுத்தேன் என்று மாடசாமி சொன்ன பிறகு, ஒரு மந்தையும் அந்தப் பக்கம் போகவில்லை.

தப்பே செய்யவில்லை என்பவன் அன்று ஏழு மந்தைக்கும் தண்ணீர் இறைக்க வேண்டும். “தப்பு செய்யாதவன் உடம்புலதான் தெம்பு மிச்சம் கெடக்கும்” என்பார்.

ஒரு வருஷம் வழக்கமாக விழுகிற நாலு தூறலும் அடியோடு பொய்த்தது. புல் போனது, உடைமரக் காயும் தீர்ந்தது. கிணறு மட்டும் கைவிடவில்லை. சாத்தான்குளத்து வியாபாரி திங்கட்கிழமை லாரியோடு வருவதாகச் சொல்லிவிட்டார். ஏழு மந்தையும் கறிக்கடைக்கு. அதோடு எங்கள் பிழைப்பும் போச்சு.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை என் முறை வந்தது. “தப்பு ஒண்ணுமில்ல” என்றேன். தொடர்ந்து மூன்றாவது வாரம். ஆறு பேர் முன்னால் வாய் திறப்பதைவிட ஏழு மந்தைக்குத் தண்ணீர் இறைப்பது எனக்குச் சுலபம்.

அண்ணாச்சி குடைப்பிடியை என் கழுத்தில் மாட்டி இழுத்தார். “ஏலே, எல்லார் ஆடும் எலும்பா நிக்கி. ஒன் ஆடு மட்டும் கல்யாண வீட்டுக்குப் போய்ட்டு வந்த மாதிரி நிக்கி. என்னலே தப்பு செஞ்ச?”

உளறிக்கொட்டினேன். நான் கண்ணயர்ந்த நேரத்தில் மந்தை உப்பளத்து ஓரம் போய் உமரியை மேய்ந்துவிட்டது. உமரி உப்புச் செடி. தின்றால் ஆடு கழிந்தே சாகும் என்று எல்லோரும் நம்பியிருந்தோம். பயந்துபோய்த் தொட்டி தொட்டியாகத் தண்ணீர் காட்டினேன். ஒன்றுகூடச் சாகவில்லை. மறுநாள் அதுகளே என்னை அங்கே இழுத்துப் போயின.

“மூணு வாரமாவா மறைச்ச?” என்று மாடசாமி கம்பை ஓங்கினான்.

அண்ணாச்சி குடையைக் குறுக்கே நீட்டினார். “அடிக்காதலே! இம்புட்டு அருமையான தப்பை நம்மள்ல எவனாவது செஞ்சிருக்கானா?”

அன்றே மற்ற ஆறு பேரும் ஆளுக்கு இரண்டு ஆட்டை விட்டுப் பார்த்தார்கள். முதலில் வயிறு நிறையத் தண்ணீர், பிறகு கொஞ்சம் உமரி, மறுபடி தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு ஆடும் உமரி கேட்டுக் கத்தின. திங்கட்கிழமை வந்த லாரி காலியாகத் திரும்பியது. “மெதுவாப் போங்க, எங்க ஆட்டு மேல தூசி படும்” என்று அண்ணாச்சி வழியனுப்பினார்.

ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டது. ஆறு பேரும் அண்ணாச்சியிடம் ஓடினோம். அவர் மகாராஜா மாதிரி குடையை விரித்தார். மடிப்பெல்லாம் பூச்சி அரித்து, கம்பிதான் மிச்சம். மேலே பார்த்தால் முழு வானமும் தெரிந்தது.

“வெள்ளிக்கிழமைக்கு என் தப்பு ரெடிலே” என்றார்.

அந்தக் குடைக்குள் ஏழு பேரும் தோளோடு தோள் ஒட்டி நின்று தொப்பலாக நனைந்தோம். அதற்குப் பிறகு எத்தனையோ கூரைக்குக் கீழே மழைக்கு ஒதுங்கியிருக்கிறேன். அவ்வளவு பத்திரமாக எங்கேயும் நின்றதில்லை.