வெளிவிவகார அண்ணையின் ஒரே கேள்வி

சுவிஸில், பெர்னுக்கு அருகே இருந்த எங்கள் சின்ன ஊருக்கு ஒரு வெளிநாட்டுக் கொள்கை இருந்தது. அதன் முழுப்பொறுப்பும் வெளிவிவகார அண்ணையிடம்தான்.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் என்னோடு கோப்பை கழுவியவர். மற்றவர்கள் வகுப்புக்குப் போய் ஜெர்மன் படித்தார்கள். அண்ணை பழைய சாமான் சந்தையில் வாங்கிய ஒரு தடித்த புத்தகத்தில் படித்தார். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே சுவிஸ் பாராளுமன்றத்தில் வெளிவிவகாரம் மட்டுமே பேசிய ஓர் உறுப்பினரின் உரைகள் அவை. அந்த மனிதர் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். அரசு "கவனத்தில் எடுக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

விளைவு, அண்ணைக்கு ரொட்டி வாங்க ஜெர்மன் வராது. நடுநிலைமையை விளக்க வரும். "மாண்புமிகு சாரதி அவர்களே, ஸ்டேஷன் தொடர்பாகத் தங்கள் நிலைப்பாடு யாது?" என்று பஸ் வாசலில் நின்று கேட்பார். சாரதி கதவைச் சாத்துவார். நான் சிரிப்பேன். என் ஜெர்மன் 'மன்னிக்கவும்' என்பதோடு நின்றுவிட்டது வேறு கதை.

மாலையில் பஸ்ஸுக்கு நிற்போம். அங்கே உட்கார ஒரு மரவாங்கு, மலைகளுக்கு முதுகு காட்டிக் கிடந்தது. தூரத்துப் பனிமலைகள் இளஞ்சிவப்பாகி, தரையை மறந்து மிதக்கும். அண்ணை அவற்றை நோக்கிக் கைநீட்டி உரையாற்றுவார். மலைகள் குறுக்கிடுவதில்லை.

"ஆரோடை கதைக்கிறியள் அண்ணை?"

"பழகிறன் தம்பி. பிரஜாவுரிமை கிடைச்சா ஊர்ச்சபையிலை எழும்பி ஒரு கேள்வி கேக்கலாம். வந்த நாள் துவக்கம் எல்லாரும் என்னைத்தானே கேள்வி கேட்டவை."

பிறந்த நாட்டில் யுத்தம் முடிந்து சில வருடங்களில் அண்ணைக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. முதல் கூட்டம், பள்ளிக்கூட மண்டபத்தில். கழிவுநீர்க் குழாய் பற்றி நெடுநேரம் பேசினார்கள். கடைசியில், கல்யாணக் கோட்டோடு அண்ணை எழுந்தார். உலகப்போரைத் தொடக்கத்திலிருந்து சொல்லப்போகிறார் என்று, பார்வையாளர் வரிசையில் இருந்த நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மாண்புமிகு தலைவர் அவர்களே, பஸ் நிறுத்தத்து வாங்கை மலைப்பக்கம் திருப்பி வைக்க இயலுமா?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த நிறுத்தம் பக்கத்து ஊர் எல்லைக்குள் இருக்கிறதே?"

"அறிவேன். ஆகவேதான் இதை வெளிவிவகாரமாக எழுப்புகிறேன்."

மண்டபம் சிரித்தது. பிறகு கைதட்டியது. "கவனத்தில் எடுக்கிறோம்" என்றார் தலைவர்.

வெளியே அண்ணையின் கண் கலங்கியிருந்தது. "கேட்டனியோ தம்பி? அந்தப் புத்தகத்து மனுசனுக்குச் சொன்ன அதே மறுமொழி!"

இப்போது அண்ணை பிரெஞ்சு பேசும் நொஷாட்டலில், மகளோடு. அதே காலத்து உரைகளைப் பிரெஞ்சில் தேடுகிறாராம். வாங்கு இன்னும் திரும்பவில்லை. நான்தான் மாலைகளில் அதில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, சாய்மானத்தைக் கட்டிப்பிடித்தபடி மலையைப் பார்க்கிறேன், பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு.