பேட்டரிக் கணக்கில் விட்டுப்போன அத்தைமார்

கையில் கல்குலேட்டரோடு நம்பிக்கையாகப் பேசுகிற ஆளிடம் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. இது நான் ஊரைப் பார்த்துத் தெரிந்துகொண்டது அல்ல, என்னைப் பார்த்தே தெரிந்துகொண்டது. ஈப்போவில் ஓர் இடைநிலைப்பள்ளியில் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். என் வாயிலிருந்து எண்கள் வந்தால் போதும், எங்கள் வீட்டில் எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். அந்தத் தலையாட்டலை நம்பித்தான், என் ஒரே தங்கையை அவளுடைய கல்யாணத்தன்று, தாலி கட்டுவதற்குச் சற்று முன்னால், ஓர் இருட்டு அடுப்புக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

அடுப்பு என்று நான் சொல்வது என் வேனை. ரொட்டி விநியோகம் செய்து களைத்துப்போன பழைய வேன் அது. அதை மலிவாக வாங்கி, வார இறுதிகளையெல்லாம் அதற்கே கொடுத்து, உள்ளே கட்டில், அலமாரி, சின்னத் தொட்டி என்று ஒரு நடமாடும் வீடாக்கினேன். (என் மனைவி மலர் அதை ‘சின்ன வீடு’ என்பாள். என்ன அர்த்தத்தில் சொல்கிறாள் என்று நான் கேட்டதில்லை.) அந்த வீட்டின் மகுடம் ஏர்கோன் என்கிற குளிரூட்டி. வண்டி நிற்கும்போது, இன்ஜின் ஓடாமலே, கட்டிலுக்கு அடியில் இருக்கும் பேட்டரியிலேயே ஓடும் ஏர்கோன். கூரையில் ஒரு சூரியத் தகடு. பேட்டரிப் பெட்டிக்கு இடம் போதாமல், வேனோடு பிறந்த ஏர்கோனின் குழாய்களைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். அது எதற்கு இனி என்று அப்போது தோன்றியது.

கணக்கு எளிமையானது. பேட்டரியில் இவ்வளவு மின்சாரம் இருக்கிறது, ஏர்கோன் இவ்வளவு குடிக்கும், வகுத்தால் இரண்டரை மணி நேரம் வரும். ஆனால் உள்ளே ஒருமுறை குளிர்ந்துவிட்டால் கம்ப்ரெசர் பாதி நேரம் ஓய்வெடுக்கும் என்று படித்திருந்தேன். எனவே இரண்டரையை இரண்டால் பெருக்கி ஐந்து ஆக்கினேன். சோதனையும் செய்தேன். வீட்டுப் போர்ச்சில், நிழலில், கதவைச் சாத்திக்கொண்டு, போர்வையோடு படுத்துக் கிடந்தேன். ஐந்து மணி நேரம் ஓடியது. வெளியே வந்து வெற்றியை அறிவித்தபோது மலர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஒரு ஆளு கொறட்ட விடுறதுக்கு அஞ்சு மணி நேரம் தாங்கும். அவ்வளவுதானே?” என்றாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்போதுதான் தங்கை யமுனாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ரூபன் தங்கமான பையன். அவனுடைய குடும்பம் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயன் வீடுகளும் போய், எல்லாரும் டவுனுக்குக் குடிபெயர்ந்தும், கோயில் மட்டும் அங்கேயே இருக்கிறது. அவர்கள் வீட்டு மூத்த பையன் அந்தக் கோயிலில்தான் தாலி கட்ட வேண்டும். எங்களுக்கு அதில் மறுப்பு இல்லை. மறுப்பு யமுனாவின் வியர்வைக்குத்தான் இருந்தது.

எங்கள் அப்பா எங்களுக்கு விட்டுச்சென்ற சொத்தில் பெரிய பங்கு யமுனாவுக்கு. அப்பாவைப் போலவே அவளுக்கும் நின்ற இடத்தில் வியர்க்கும். பள்ளிப் படங்களிலும் பட்டமளிப்புப் படத்திலும் நிச்சயதார்த்தப் படத்திலும் மூக்கின் மேல் முத்து முத்தாக நிற்கும். ஈப்போவில் ஏர்கோன் போட்ட மண்டபத்தில் கல்யாணம் என்று வருடக்கணக்காகக் கனவு கண்டவள். கோயிலில் மணப்பெண்ணுக்கென்று ஒரே ஒரு தகரக் கொட்டகைதான் உண்டு. அங்கே ஏர்கோன் போட்டால் கோயிலின் மொத்த விளக்கும் அணைந்துவிடும்.

“ஒரு நாள்லா, அண்ணே. ஒரே ஒரு நாள் நான் காஞ்ச மூஞ்சியோட நிக்கணும்” என்றாள் யமுனா. கண் கலங்கியிருந்தது.

அப்பா இல்லாத வீட்டில் அண்ணன்தான் அப்பா. என் நெஞ்சு நிமிர்ந்தது. கல்குலேட்டரை எடுத்தேன். “வேன் இருக்கு. அஞ்சு மணி நேரம் குளிரும். அலங்காரம், கூறைப்புடவை மாத்துறது, எல்லாம் உள்ளயே. ஒரு சொட்டு வேர்க்காது. நான் பொறுப்பு” என்றேன்.

ரூபன் நல்ல மனதோடு, “மச்சான், எதுக்கும் ஒரு ஜெனரேட்டர் எடுத்துட்டு வரவா?” என்று கேட்டான்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என் காது சூடாகிறது. “நாதஸ்வரம் வாசிக்கிற எடத்துல டபடபன்னு ஜெனரேட்டரா?” என்றேன். அவனும் தலையாட்டினான்.

கல்யாண நாள் காலையில் கோயிலுக்கு எங்கள் வேன்தான் முதலில் போய்ச் சேர்ந்தது. கோயிலுக்குப் பக்கத்தில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று, ஒரு கல்யாணத்தையே நடத்தும் அளவுக்கு நிழல் விரித்து நின்றது. அதன் கீழ் நிறுத்தும்படி எல்லாரும் சொன்னார்கள். நான் நிறுத்தவில்லை. நிழலில் நின்றால் சூரியத் தகடு என்னாவது? வெட்ட வெளியில், கிழக்கு வெயில் நேராக இறங்கும் இடமாகப் பார்த்து நிறுத்தினேன். சன்னல்களையெல்லாம் குளிர் வெளியே போகாதபடி வெள்ளித் தாள் ஒட்டி அடைத்திருந்தேன். அந்தத் தகடு தரும் மின்சாரத்தைவிட, வெயிலில் காயும் வேனைக் குளிர்விக்க ஏர்கோன் கூடுதலாகக் குடிக்கும் என்பதை என்னுடைய நான்காம் படிவ மாணவன்கூடச் சொல்லியிருப்பான்.

யமுனாவும் அலங்காரம் செய்யும் ஷாமினியும் உள்ளே போனார்கள். குளிர்ந்தது. “அண்ணே, நீ தெய்வம்” என்றாள் யமுனா. ஷாமினி முடியைச் சுருட்டும் கருவியை எடுத்து என் பிளக்கில் சொருகினாள். கைப்பேசியில் பேட்டரியின் சதவீதம் ஒரு குதி குதித்து இறங்கியது. சரி, அது கொஞ்ச நேரம்தான் என்று விட்டேன்.

பிறகு பாக்கியம் அத்தை வந்தார்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவர், தாப்பாவிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்களோடு வந்திருந்தார். “புள்ளயப் பாத்துட்டு வாரேன்” என்று ஏறினார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. “ஐயோ சாமி, என்னா குளிரு லா! கேமரன்மலை கெட்டுச்சி!” உடனே இறங்கி, பந்தலுக்குப் போய், செய்தியைச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே வந்தது. பெரியம்மா, சித்தி, சித்தியின் சம்பந்தி, யாருடைய உறவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாத ஓர் அம்மா, அவர் தோளில் ஒரு குழந்தை. எல்லாரும் பெண்ணைப் பார்க்கத்தான் வந்தார்கள். பார்த்தவர்கள் யாரும் இறங்கவில்லை. கட்டிலில் நெருக்கி உட்கார்ந்து, தட்டில் பூவைக் கொட்டிக்கொண்டு, ஆற அமரப் பேச ஆரம்பித்தார்கள்.

மனித உடம்பும் ஓர் அடுப்புதான். சும்மா உட்கார்ந்திருந்தாலே சூடு விடும். பேசினால் இன்னும் விடும். என் கணக்கில் ஒரு மணப்பெண் இருந்தாள், ஓர் அலங்காரக்காரி இருந்தாள். அத்தைமார் இல்லை.

கதவு இன்னொரு கதை. இழுத்துச் சாத்துகிற கனமான கதவு அது. திறப்பார்கள், சாத்தக் கை வராது. நான் ஓடிப்போய்ச் சாத்துவேன். மறுபடி திறக்கும். பொறுக்க முடியாமல் தலையை நீட்டினேன்.

“அத்தே, கதவச் சாத்தி வைங்க. குளிரு போயிடும்.”

“போவட்டும் லா, குணா. குளிரு தாங்கல. அதான் கொஞ்சம் தொறந்து வெச்சேன்.”

கைப்பேசியைப் பார்த்தேன். கம்ப்ரெசர் ஒரு நொடிகூட ஓய்வெடுக்கவில்லை. நான் நம்பியிருந்த அந்த ஓய்வை அன்றைக்கு வேனுக்குள் அத்தைமார்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். துணிவை வரவழைத்துக்கொண்டு, “பேட்டரி ரொம்ப சுசா லா, அத்தே, தாங்காது. கொஞ்சம் எறங்குனீங்கன்னா…” என்று இழுத்தேன்.

அத்தையின் முகம் மாறியது. “என் தம்பி மவ கல்யாணத்துல என்னைய எறங்கச் சொல்றியா?”

“இல்ல அத்தே. தண்ணி கொண்டு வரவான்னு கேட்டேன்” என்றேன். கொண்டுபோயும் கொடுத்தேன்.

யமுனா மணவறைக்குப் போனதும், அவள் புடவை மாற்றத் திரும்பி வரும்வரை ஏர்கோனை அணைத்துவிடலாம் என்று ஓடினேன். “புள்ள தூங்குது, ஏர்கோன அடைக்காத” என்று உறவு தெரியாத அம்மா கையை நீட்டித் தடுத்தார். இதற்கிடையில் ஒலிபெருக்கியில் குருக்கள், “பொண்ணோட அண்ணன் எங்கே, உடனே மணவறைக்கு வரவும்” என்று இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். பட்டு வேட்டியோடு வேனுக்கு அடியில் குனிந்து வயரைத் தடவிக்கொண்டிருந்த நான் அப்படியே ஓடினேன். தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கும் படத்தில் என் நெற்றியில் திருநீறு இல்லை, கிரீஸ் இருக்கிறது.

கூறைப்புடவையை எல்லாரும் தொட்டு ஆசீர்வதித்து, யமுனாவின் கையில் கொடுத்தாயிற்று. இனி அவள் போய் அதைக் கட்டிக்கொண்டு வர வேண்டும், வந்ததும் தாலி. அவளும் மலரும் ஷாமினியும் வேனுக்கு வந்தார்கள். புடவை மாற்ற வேண்டும் என்பதால் அத்தைமார் ஒருவழியாக இறங்கினார்கள். அன்று முதல்முறையாகக் கதவு சாத்தியபடியே நின்றது. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

பேட்டரியும் அப்போதுதான் கடைசி மூச்சை விட்டது. நீளமாக ஒரு ‘பீப்’. பிறகு அமைதி. ஏர்கோன் நின்றது, விளக்கு நின்றது. சன்னலெல்லாம் நான் அக்கறையாக அடைத்தவை. கும்மிருட்டு, நடு வெயில், ஆறு கெஜம் பட்டு.

“அண்ணே!”

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதற்கு நான் பொறுப்பு என்று சொன்னது நானேதான். கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, “கொஞ்சம் பொறும்மா, கணக்குப்படி இன்னும் ஒரு மணி நேரம் இருக்கணும்” என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.

கதவு தடாலென்று திறந்தது. மலர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க நான் விரும்பவில்லை. பின்னால் யமுனா, கூறைப்புடவையைப் போர்வை மாதிரி சுற்றிக்கொண்டு, முகமெல்லாம் ஓடை ஓடையாக நின்றாள். முதலில் அசைந்தது பாக்கியம் அத்தைதான். “வாங்கடி எல்லாரும்!” என்று ஒரு குரல் கொடுத்தார். வேனைக் காலி செய்த அத்தனை பேரும் யமுனாவைத் தள்ளிக்கொண்டு தூங்குமூஞ்சி மரத்தடிக்குப் போனார்கள். முந்தானைகளை விரித்துப் பிடித்து, முதுகைக் காட்டிக்கொண்டு வட்டமாக நின்றார்கள். ஒரு நிமிடத்தில் புடவைகளாலேயே ஓர் அறை. மேலே திறந்த அறை, நல்ல காற்று.

“நீ போய் சாமிகிட்ட நேரம் கேளு. அதுக்காவது ஒதவு” என்றாள் மலர்.

போனேன். குருக்களின் காதருகே குனிந்து, “சாமி, இன்னும் அஞ்சு நிமிஷம்” என்றேன்.

“ஏன், ஏர்கோன் வேன்லதானே மாத்துறாங்க?”

“பேட்டரி முடிஞ்சிருச்சி, சாமி.”

அவர் கழுத்தில் மைக் தொங்கியது எனக்குத் தெரியாது. ‘பேட்டரி முடிஞ்சிருச்சி, சாமி’ என்பது பந்தல், சமையல் கொட்டகை, செம்பனை மரங்கள் என்று எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். மணவறையில் ரூபனின் தலைப்பாகை குலுங்கியது. மரத்தடி வட்டத்துக்குள்ளிருந்து ஒரு வெடிச்சிரிப்பு கிளம்பியது. அதில் யமுனாவின் குரல்தான் உரக்கக் கேட்டது.

அவள் சிரிப்பை அடக்க முடியாமலே நடந்து வந்தாள். கண் மை கன்னம்வரை இறங்கியிருந்தது. மூக்கின் மேல் முத்துகள் வரிசையாக இருந்தன. (“என் பேரை வெளிய சொல்லிடாதீங்க” என்று ஷாமினி எல்லாரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.) ரூபனும் சிரித்துக்கொண்டேதான் தாலி கட்டினான். மூன்று முடிச்சில் ஒன்று நழுவி, மறுபடி போட வேண்டியிருந்தது.

மாலையில் அவளை, ரூபன் வேலை பார்க்கும் ஜோகூருக்கு வழியனுப்பும் நேரம் வந்தது. மன்னிப்புக் கேட்கத் தொண்டைவரை வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு நின்றேன். யமுனா என் தோளில் சாய்ந்தாள். எல்லாரும் கைக்குட்டையை எடுத்தார்கள். அவள் என் காதில், “கணக்க கதவச் சாத்தி வெச்சிப் போட்டியா, தொறந்து வெச்சிப் போட்டியா, அண்ணே?” என்று கேட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அழுதது நான் ஒருவன்தான்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் நான் என்ன திட்டம் சொன்னாலும் இதே கேள்விதான். வீட்டுக் கூரையை மாற்றினாலும் சரி, தீபாவளி விருந்துக்கு ஆள் கணக்கு சொன்னாலும் சரி, “சாத்தியா, தொறந்தா?” என்பார்கள். வேன் வைத்திருப்பவர்களின் கைப்பேசிக் குழுவில் யாராவது ஏர்கோனுக்கு எவ்வளவு பேட்டரி வேண்டும் என்று கேட்டால், உங்களுக்கு எத்தனை அத்தை என்றுதான் நான் முதலில் விசாரிப்பேன். குழுவிலுள்ள சீன நண்பர் ஒருவர், ஓர் அத்தை எத்தனை வாட் என்று உண்மையான அக்கறையோடு கேட்டிருக்கிறார்.

போன வாரம் யமுனா போன் செய்தாள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வர வேண்டும். ரயில் வேண்டாம், பஸ் வேண்டாம் என்றாள்.

“வேன்லயே வந்து கூட்டிக்கிறேன். ஆனா வழியில நிப்பாட்டி நீ படுத்தேன்னா, ஏர்கோன் ஒன்றரை மணி நேரந்தான் தாங்கும்மா” என்றேன்.

“சாத்தியா, தொறந்தா?”

“தொறந்து. பாக்கியம் அத்தையையும் சேத்துட்டேன்.”

மறுமுனையில் அவளுடைய சிரிப்பு கேட்டது.

“அப்ப வாண்ணே. நான் ஏறுறேன்” என்றாள்.